குழி விழாத கேக்

கதவைத் திறந்து விட்டவன் தம்பிதான் என்பது போன வாரமே நமக்குத் தெரிந்துவிட்டது. பாவம், அக்காவுக்குத்தான் இன்னும் தெரியாது.

எந்தக் கதவு, யார் அக்கா என்று இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'நடுவுல குழி' என்பது அக்கா நடத்தும் இணையக் குழுமம். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்கள் ஆண்டுச் சந்தா கட்டிச் சேரும் இடம். ஓட்டல் அடுமனையில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போன சமயம், கட்டின புருஷனின் பிறந்தநாளுக்கு அக்கா செய்த கேக் நடுவில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. "ஓட்டல்ல நாள் முழுக்க கேக் போட்டவ நான். என் லட்சணத்தைப் பாருங்க" என்று அதைப் படம் பிடித்துப் போட்டாள். சிரிக்க வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து தங்கள் கண்றாவிகளையும் போட ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வீட்டு வாடகையிலிருந்து குழுமத்தின் கணினி வேலையைப் பார்க்கும் அவள் தம்பியின் சம்பளம் வரை அந்தச் சந்தாவில்தான் ஓடுகிறது.

உள்ளே வர ஒரு கெடுபிடி உண்டு. பணம் கட்டினால் மட்டும் போதாது. தான் கெடுத்த கேக் ஒன்றின் படத்தை முதலில் போட வேண்டும். போட்டவுடன் பழைய ஆட்கள் ஓட்டு ஓட்டென்று ஓட்டி ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டியவள் உப்புக்காரி. இரண்டாம் அடுக்கைக் கோணலாக நிறுத்தியவர் சாய்ந்த கோபுரம். ஒரு பெரிய நிறுவனத்தில் ஆயிரம் பேரை மேய்த்து ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர் இருக்கிறார். இங்கே அவரை 'அரைவேக்காடு' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

இன்னொரு விதி, இங்கே போட்ட குழி, அதாவது கெட்ட கேக்கின் படம், வெளியே போகக்கூடாது. போனால், கொண்டுபோனவர் பெயர் சொல்லி வெளியேற்றப்படுவார்.

அந்த நுழைவுக் கதவைத்தான் தம்பி யாரிடமும் சொல்லாமல் கழற்றி வைத்திருந்தான். மாவு, வெண்ணெய், அச்சுப் பாத்திரம் விற்கும் பெரிய கம்பெனி ஒன்று, உறுப்பினர் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஒரு வருடத்துக்கு விளம்பர ஆதரவு தருவதாகச் சொல்லியிருந்தது. கெட்டுப்போன கேக்கைக் காட்டு என்றதும் பாதிப் பேர் வாசலோடு திரும்பிப் போகிறார்கள். அக்காவிடம் கேட்டால் தலைகீழாக நின்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். அதனால் அவன் கேட்கவில்லை. இன்று மாலை நாலு மணிக்குக் கம்பெனி மேலாளர் வீடியோ அழைப்பில் வருகிறார்.

சரி, இனி கதைக்கு வருவோம்.

*

காலையில் சாப்பாட்டு மேசையில் கண்டக்டரம்மா டேப்லெட்டை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கண்டக்டரம்மா என்றால் அக்காவின் மாமியார். ஆயுசில் பாதியைப் பேருந்தில் நின்றுகொண்டே கழித்தவர். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவரிடம் குழுமத்தின் காவலை ஒப்படைத்தது அக்கா எடுத்த முடிவுகளிலேயே புத்திசாலித்தனமானது. யார் வம்பு பேசுகிறார்கள், யார் மூலையில் ஒண்டிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. வம்பு பேசுகிறவரை இறக்கி விடுவார். ஒண்டுகிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே நகர்த்துவார்.

"ஏம்மா, இங்க வா" என்றார்.

அக்கா கையெல்லாம் மாவோடு வந்தாள். வாரத்துக்கு ஒரு நாள் நேரலையில் செய்து காட்டுவாள். அதற்கான கலவை சமையலறையில் தயாராகிக்கொண்டிருந்தது.

"என்ன அத்தை?"

"வண்டி நிறைய ஆள் இருக்கு. மூச்சுச் சத்தம்கூட இல்ல. கூட்டமா இருக்கிற வண்டி இப்படி அமைதியா இருந்தா என்ன அர்த்தம் தெரியுமா?"

"என்ன அர்த்தம்?"

"எவனோ பிக்பாக்கெட் அடிச்சிருக்கான்னு அர்த்தம். அவனவன் தன் பையைத் தடவிப் பார்த்துட்டு நிக்கிறான்."

அக்கா எட்டிப் பார்த்தாள். திரை முழுக்க கேக் படங்கள். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி வழவழவென்று, ஒரு விரிசல் இல்லை, ஒரு சாய்வு இல்லை. "எங்களிடம் கிடைக்கும்", "ஆர்டர் வரவேற்கப்படுகிறது" என்று கீழே வாசகங்கள். நடுவில் உப்புக்காரி முந்தாநாள் போட்ட ஒரு படம், மேற்பரப்பு வெடித்துப்போன ஒரு கேக். "சனிக்கிழமை கல்யாண ஆர்டர். மூணு அடுக்கு. வாழ்க்கையில இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததே இல்ல. ஒத்திகைக்குப் போட்டது இப்படி வெடிச்சிருச்சு. பயமா இருக்கு, யாராவது சொல்லுங்க" என்று எழுதியிருந்தாள். பக்கத்திலேயே வாடிக்கையாளர் கொடுத்த கேக் வரைபடத்தையும் வைத்திருந்தாள்.

அதற்குக் கீழே ஒரே ஒரு பதில்தான் இருந்தது. 'எங்கள் ரெடிமிக்ஸ் மாவை முயன்று பாருங்கள்.'

"அய்யய்யோ" என்றாள் அக்கா. "ரெண்டு நாளா இந்தப் பொண்ணுக்கு யாருமே பதில் சொல்லலையா? நான் எங்க போய்த் தொலைஞ்சேன்?"

"நீ கம்பெனிக்காரிக்குக் காட்டப் படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தே. நான் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ரெண்டு நாளா மருந்து விட்டுக்கிட்டுப் படுத்திருந்தேன். பழைய ஆளுங்க என்ன ஆனாங்கன்னுதான் புரியல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, அக்காவின் ஃபோன் அடித்தது. உப்புக்காரியேதான்.

"அக்கா, என் பேரை எடுத்துடுங்க" என்றாள் எடுத்த எடுப்பில். அழுது ஓய்ந்த குரல். "சந்தாவைக்கூடத் திருப்பித் தர வேண்டாம். எடுத்துடுங்க, போதும்."

"என்னம்மா ஆச்சு? முதல்ல உட்காரு. உட்கார்ந்துட்டுச் சொல்லு."

"ஆர்டர் போச்சு அக்கா. இப்பதான் மாப்பிள்ளை வீட்டுல கூப்பிட்டாங்க. நம்ம குழுமத்துல நான் போட்ட அந்த வெடிச்ச கேக் படத்தை யாரோ அவங்களுக்கு அனுப்பியிருக்காங்க. இவளை நம்பியா கல்யாணத்தை நடத்தப் போறீங்க, நான் செஞ்சு தர்றேன்னு கூடவே ஒரு அழகான கேக் படமும் போயிருக்கு. வரைபடத்து ஓரத்துல அவங்க நம்பர் இருந்திருக்கு அக்கா. நான் கவனிக்கல."

அக்கா மாவுக் கையாலேயே ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வேற எங்கயாவதுன்னா இப்படிப் படத்தைப் போட்டிருப்பேனா? இங்கன்னுதானே போட்டேன்" என்றாள் உப்புக்காரி.

இத்தனை வருடத்தில் எத்தனையோ சண்டை நடந்திருக்கிறது, எத்தனையோ பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆனால் ஒருத்தியின் குழியைத் தோண்டி எடுத்து அவள் தலையிலேயே போட்டது இதுதான் முதல் தடவை. இது வெளியே பரவினால் நாளைக்கு ஒருத்தரும் ஒரு விரிசலைக்கூடக் காட்ட மாட்டார்கள். விரிசலைக் காட்டாதவர்களுக்கு இந்தக் குழுமம் எதற்கு? ஆறு வருட உழைப்பும் ஒரே வாரத்தில் காலியாகிவிடும்.

"உன் பேரை நான் எடுக்க மாட்டேன்" என்றாள். "அவங்களுக்கு வந்த செய்தியை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கி அனுப்பு. கதவைத் தாழ் போடாதே, மத்தியானத்துக்குள்ள உன் வீட்டுக்கு ஆள் வரும்."

*

தம்பியின் அறை என்பது பழைய துணி அலமாரியை வெளியேற்றிவிட்டு இரண்டு திரைகளை வைத்த ஒரு சிறு இடம். அவன் காதில் மாட்டியிருந்ததை அக்கா பிடுங்கினாள்.

"புதுசா வந்தவங்க போட்ட குழிப் படத்தையெல்லாம் காட்டு."

"அதெல்லாம் தனிப் பக்கத்துல சேர்த்து வச்சிருக்கேன் அக்கா. அப்புறமா மொத்தமா..."

"இப்பக் காட்டு."

தம்பி திருதிருவென்று விழித்தான். மவுஸை நகர்த்தினான், ஒரு பக்கத்தைத் திறந்தான், மூடினான். பிறகு அசடு வழியச் சிரித்தான்.

அக்கா சிரிக்கவில்லை.

"எப்ப இருந்து?"

"மூணு வாரமா. அக்கா, கேளு. நாலு மணிக்கு அவங்க வர்றாங்க. எண்ணிக்கை இரட்டிப்பாயிடுச்சு, தெரியுமா? வாசல்ல வச்சு மானத்தை வாங்கினா எவன் வருவான்? வேற எந்தக் குழுமத்துலயாவது இப்படி ஒரு கூத்து உண்டா?"

"இல்ல. அதனாலதான் வேற எந்தக் குழுமத்துலயும் காசு கட்டி அஞ்சாறு வருஷம் யாரும் உட்கார்றதில்ல" என்றாள் அக்கா. "சந்தாவைப் புதுப்பிக்கிறவங்க யாருன்னு ஒரு நாளாவது பார்த்திருக்கியா? கேக் படம் போட்டுக் கைதட்டு வாங்கினவங்க ஒரு வருஷத்துல கம்பி நீட்டிடுவாங்க. என்னிக்கோ ஒரு நாள் இங்க வந்து அழுதவங்கதான் வருஷா வருஷம் கட்டறாங்க. நீ உள்ள விட்டது உறுப்பினர் இல்லடா, சந்தைக்கு வந்த கூட்டம்."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா உப்புக்காரி விஷயத்தைச் சொன்னதும் வாய் தானாக மூடிக்கொண்டது.

நல்ல பையன்தான். அக்காவின் சுமை குறையட்டும் என்று நினைத்தவன்தான். ஆனாலும் முதுகில் ஒன்று வைத்திருக்கலாம் போல எனக்கே இருந்தது.

"என்ன பண்ணணும் சொல்லு அக்கா" என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

"கதவைப் பழையபடி மாட்டு. இந்த மூணு வாரத்துல வந்தவங்க எல்லாரையும் வெளி வராந்தாவுல உட்கார வை. கெட்ட கேக்கைக் காட்டறவங்க உள்ள வரட்டும். முடியாதவங்களுக்குச் சந்தாவைத் திருப்பிக் கொடுத்துடு."

"நாலு மணிக்கு எண்ணிக்கை பாதியா இருக்குமே!"

"இருக்கட்டும்."

அவள் அங்கேயே நின்றபடி குழுமத்துக்கு எழுதினாள். எழுதி எழுதி அழிக்கிற பழக்கமெல்லாம் அவளுக்குக் கிடையாது.

'நம் வாசல் மூன்று வாரம் திறந்து கிடந்தது. நிர்வாகம் நான், தப்பு என்னுடையது. அதனால் நம்மில் ஒருத்தியின் குழி வெளியே போய், அவள் ஆர்டரை இழந்துவிட்டாள். வாசலை அடைத்துவிட்டேன். கொண்டுபோனவர் யார் என்று இன்றைக்குள் தெரிந்துவிடும். அதுவரை உப்புக்காரியின் ஓவன் ஏன் இப்படிப் பழிவாங்குகிறது என்று யாராவது போய்ப் பாருங்களேன்.'

"தப்பு பண்ணது நான். என் பேரைப் போடு" என்றான் தம்பி.

"உன்னை வேலைக்கு வச்சது யாரு? நகரு."

பிறகு எங்கிருந்தோ அரைவேக்காடு குதித்தார். 'நான் பக்கத்துத் தெருதான். ஓவன் வெப்பமானியோடு கிளம்பிவிட்டேன். மேலே வெடித்தால் சூடு அதிகம் என்று அர்த்தம், திருகுக் குமிழ் காட்டும் எண்ணை நம்பாதே பெண்ணே.' அடுத்து சாய்ந்த கோபுரம். 'ஈரத்துணியைப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டு, ஓரம் அவசரப்படாமல் வேகும். நானும் வருகிறேன், அரைவேக்காட்டைத் தனியாக அடுப்பங்கரையில் விட முடியாது.' அதற்கு அவர் ஒரு பதில், அதற்கு வேறு யாரோ ஒரு கிண்டல். கொஞ்ச நாளாக வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து இறங்கினார்கள். 'இப்போதுதான் நம் வீடு மாதிரி இருக்கிறது. அழகழகான படமாகப் பார்த்து நான் கடையையே மூடிவிடலாம் என்று இருந்தேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

அக்காவுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆள் இருக்கிறார்கள். அவளுடைய ஆட்கள் எங்கேயும் போகவில்லை.

*

உப்புக்காரி அனுப்பிய செய்தி மதியம் வந்து சேர்ந்தது. அனுப்பியவர் பெயரோ நம்பரோ அதில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் அதை வெட்டிவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். வெடித்த கேக்கின் படம், கூடவே ஒரு வெள்ளை கேக்கின் படம். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் தலையோடு தலை முட்ட உட்கார்ந்தார்கள்.

"இந்த வெள்ளை கேக் நம்மகிட்டயும் வந்திருக்கு" என்று தம்பி தேடிப் பிடித்தான். "பட்டுக்கிரீம்னு ஒரு கணக்கு. சேர்ந்து ரெண்டு வாரம். முகவரி பொய், பேரும் பொய்யாத்தான் இருக்கும்."

"கை தேர்ந்த ஆள்தான்" என்றாள் அக்கா படத்தைப் பெரிதாக்கி. "பூசின நேர்த்தியைப் பாரு, ஒரு கோடு விழல. இவ்வளவு திறமையை வச்சுக்கிட்டு எதுக்கு இந்தத் திருட்டுப் புத்தி?"

கண்டக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் "எவ அவ? இறக்கி விடு முதல்ல" என்று எகிறுகிறவர், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

"கண்ணு இன்னும் சரியாகல போல" என்றான் தம்பி.

அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் மனசு நாலு மணியில் இருந்தது.

கம்பெனி மேலாளர் சரியான நேரத்துக்குத் திரையில் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. வளவளவென்று பேசுகிற ரகம் இல்லை.

"போன வாரம் நீங்க அனுப்பின எண்ணிக்கை நல்லா இருந்துச்சு" என்று தொடங்கினார்.

"அது இன்னிக்கு மத்தியானம் பாதியாயிடுச்சு மேடம்" என்றாள் அக்கா.

பக்கத்தில் தம்பி கண்களை மூடிக்கொண்டான்.

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன ஆச்சு?"

அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். வாசல் திறந்தது, படம் வெளியே போனது, ஆர்டர் பறிபோனது, எல்லாரையும் வராந்தாவில் உட்கார வைத்தது. தம்பியின் பெயரை மட்டும் சொல்லவில்லை.

"இதையெல்லாம் எங்ககிட்ட ஏன் சொல்றீங்க? எண்ணிக்கையை மட்டும் காட்டியிருந்தா இன்னிக்கே கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"போட்டிருப்பீங்க. ஆறு மாசம் கழிச்சு, உங்க அச்சுப் பாத்திரத்தை ஒருத்தர்கூட ஏன் வாங்கலைன்னு கேட்டிருப்பீங்க. கும்பல் வாங்காது மேடம். பக்கத்துல இருக்கிறவ வார்த்தையை நம்பித்தான் வாங்குவாங்க. இந்த நிமிஷம் எங்க ஆளுங்க ரெண்டு பேர் முகம் தெரியாத ஒரு பொண்ணு வீட்டுல ஓவனைப் பிரிச்சு மேஞ்சுக்கிட்டு இருக்காங்க. நான் காசு கொடுத்து அனுப்பல. நான் விக்கிற சரக்கு அதுதான். அதைக் காப்பாத்தினா சந்தா வரும், சந்தா வந்தா எங்க வீட்டுல அடுப்பு எரியும். உங்க ஆதரவு வந்தா சந்தோஷம். வரலைன்னா இன்னும் கொஞ்சம் மெதுவா வளருவோம், அவ்வளவுதான்."

மேலாளர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "மேலிடத்துல என்ன சொல்வாங்கன்னு தெரியல. கேட்டுட்டுச் சொல்றேன்."

"நிதானமாக் கேட்டுச் சொல்லுங்க. நாங்க எங்கயும் போகப்போறதில்ல."

அழைப்பு முடிந்ததும் தம்பி பெருமூச்சு விட்டான். "எங்க இருந்து அக்கா உனக்கு இவ்வளவு தைரியம்?"

"பயமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லிட்டு அதை ஞாபகம் வச்சுக்கிற அளவுக்கு எனக்கு மூளை கிடையாது" என்று சிரித்தாள் அக்கா.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கண்டக்டரம்மா வாசலில் வந்து நின்றார். முகம் கறுத்துக் கிடந்தது.

"பட்டுக்கிரீம் யாருன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

*

"நீ கேக்கைப் பார்த்தே. நான் அதைப் பிடிச்சிருந்த கையைப் பார்த்தேன்."

டேப்லெட்டை நீட்டினார். வெள்ளை கேக் உட்கார்ந்திருந்த பலகையை ஒரு கை தாங்கியிருந்தது. கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அதன் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது.

"ஒண்ணாவது படிக்கிறப்ப, லீவு நாள்ல என்கூட வண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். கதவுல நசுங்கினது. டிக்கெட் கிழிக்கிற அவசரத்துல நான் பார்க்கல." கண்டக்டரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "அந்த விரலை நான் பெத்திருக்கேன்மா. எனக்குத் தெரியாதா?"

அக்காவின் நாத்தனார். கண்டக்டரம்மாவின் ஒரே மகள்.

போன வருடம் கடைத்தெருவில் கண்ணாடி முகப்பு வைத்துக் கேக் கடை திறந்தவள் அவள். குழுமத்தில் சேர வந்தபோது, எல்லாரையும் போல ஒரு கெட்ட கேக்கைப் போடச் சொன்னாள் அக்கா. "என் கேக் குழி விழாது அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான். அன்றிலிருந்து அண்ணியோடு ஒரு பேச்சு இல்லை. கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவள் அண்ணன், அதுதான் அக்காவின் வீட்டுக்காரர், அடிக்கடி வருத்தப்படுவார். தனியாள், உதவிக்கு வைத்த பெண்ணும் நின்றுவிட்டாள்.

வாசல் திறந்து கிடந்தபோது பொய்ப் பெயரில் உள்ளே வந்திருக்கிறாள்.

"அத்தை" என்றாள் அக்கா மெதுவாக. "அந்தக் கணக்கை மட்டும் எடுத்துடலாம். யாருன்னு சொல்ல வேண்டாம். பட்டுக்கிரீம்னு ஒருத்தி வந்தா, போனா. யார் தேடப் போறாங்க?"

சொல்லும்போதே அவளுக்குத் தன்மீது வெறுப்பு வந்தது. மேலாளரிடம் அத்தனை பேசிய வாய்தானே இது. ஆனால் பயம் நிஜம். காவலுக்கு நிற்பவரின் மகளே திருடினாள் என்று தெரிந்தால் உறுப்பினர்கள் காவலையே சந்தேகப்படுவார்கள். வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பது? இந்த வயதில் அத்தையை ஊர் கேலி பேச விடுவதா?

"வேற எவளாவதா இருந்தா பேர் சொல்லி இறக்கி விட்டிருப்போமா, மாட்டோமா?" என்று கேட்டார் கண்டக்டரம்மா.

"இவ நம்ம வீட்டுப் பொண்ணு அத்தை."

"உப்புக்காரி எந்த வீட்டுப் பொண்ணு?"

தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் வண்டியில சொந்தக்காரன்னு நான் யாரையும் சும்மா ஏத்தினதில்ல. டிக்கெட் எடுக்கலைன்னு என் தம்பியையே இறக்கிட்டுப் போயிருக்கேன்." குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தவர், மறுபடி அக்காவிடமே தள்ளினார். "எழுத்து சின்னதா தெரியுது. நான் சொல்றேன், நீ அடி."

"நீங்க சொல்லுங்க. ஆனா கடைசியில ரெண்டு பேர் பேரும் இருக்கும்" என்றாள் அக்கா.

கண்டக்டரம்மா சொல்லச் சொல்ல அக்கா அடித்தாள். 'உப்புக்காரியின் படத்தை வெளியே கொண்டுபோனது என் மகள். பட்டுக்கிரீம் என்கிற பெயரில் வந்திருந்தாள். அவளை இறக்கி விட்டுவிட்டேன். நான் காவல் காக்கிற விதி, எனக்கும் சேர்த்துத்தான். என் மகள் செய்ததற்கு நான் உப்புக்காரியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நானும் இறங்க வேண்டும் என்று நீங்கள் சொன்னால் இறங்கிவிடுகிறேன்.'

அடியில் கண்டக்டரம்மா, அக்கா என்று இரண்டு பெயர்கள்.

நீக்கும் பொத்தானை மட்டும் கண்டக்டரம்மா தானே அழுத்தினார். அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் மாமியாரும் மருமகளும் கை கோத்து உட்கார்ந்தது அதுதான் முதல் முறை. இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் கையை எடுக்கவில்லை.

'உப்புக்காரி எழுதுகிறார்' என்று திரையின் அடியில் தெரிந்தது. நின்றது. மறுபடி தெரிந்தது.

"திட்டட்டும். நல்லாத் திட்டட்டும்" என்றார் கண்டக்டரம்மா.

பதில் வந்தது. தம்பி குனிந்து வாசித்தான்.

'கண்டக்டரம்மா, நீங்கள் இறங்கினால் நானும் இறங்கிவிடுவேன். என் ஓவன் சரியாகிவிட்டது, ஒத்திகை கேக் இப்போதுதான் வெடிக்காமல் வந்தது. இங்கே மூன்று பேரும் அதைத் தின்றுகொண்டிருக்கிறோம். உங்கள் மகள் மேல் எனக்கு ரொம்பக் கோபம். பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கல்யாணக் கேக்கை இப்போது உங்கள் மகள்தானே செய்கிறார், அது மூன்று அடுக்கு. நாளைக்கு மண்டபத்துக்குப் போயாக வேண்டும். ஒரு ஆள் தூக்க முடியாது. உங்கள் மகளுக்கு உதவிக்கு யார் இருக்கிறார்கள்?'

கண்டக்டரம்மா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவர் தன் மகளின் திருட்டைத்தான் மதியத்திலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடி முகப்புக் கடையில் அவள் ஒற்றையாளாக நிற்பது இப்போதுதான் உறைத்தது.

அவருடைய ஃபோன் அடித்தது. மகள்.

"எடுக்காதீங்க அத்தை. கோபத்துல ஏதாவது பேசிடப் போறா" என்றான் தம்பி.

கண்டக்டரம்மா எடுத்தார். எல்லாரும் கேட்கும்படி ஒலிபெருக்கியை அழுத்தினார். மறுமுனையில் கிரீம் அடிக்கும் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நான்தான் இறக்கி விட்டேன்" என்றார் கண்டக்டரம்மா. "திட்டறதுன்னா என்னைத் திட்டு. உங்க அண்ணி வேண்டாம்னுதான் சொன்னா."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏண்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா" என்றாள் நாத்தனார். பிறகு, "அண்ணிகிட்ட குடு" என்றாள்.